இங்கிலாந்து ஹீத்லேண்ட்ல வாலண்டியரா இறங்கப்போறீங்களா? எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசியில செய்யணும் - முழு வழிகாட்டி

போன நவம்பர்ல ஒரு அண்ணா ரெண்டு பசங்களோட எங்க ஹீத் வாலண்டியர் வேலைநாளுக்கு வந்தாரு, பசங்க கையில ஆளுக்கொரு ஓக் கன்னு, தொட்டியோட. இயற்கையைக் காப்பாத்தணும்னா மரம் நடணும்னுதானே நாம ஸ்கூல்ல படிச்சோம், அதனால ஆசையா வாங்கிட்டு வந்திருந்தாரு. வந்து பாத்தா இங்க இருபது பேர் குனிஞ்சு மரக்கன்னைப் பிடுங்கிட்டு இருக்காங்க. பசங்க முகம் வாடிப்போச்சு. அன்னைக்கு அவங்களுக்குப் பொறுமையா சொன்னதை எல்லாம் சேத்து எழுதினா நாளைக்கு வர்றவங்களுக்கு உதவும்னு தோணுச்சு, அதான் இது.

நான் சொல்றது பெரும்பாலும் சர்ரே பக்கம், சோபம் காமன் மாதிரி இடங்களை மனசுல வெச்சு. சர்ரே, ஹாம்ப்ஷயர், பெர்க்ஷயர் மூணு கவுண்டிலயும் துண்டு துண்டா கிடக்குற இந்த ஹீத் நிலங்களை, அதாவது ஹெதர் செடி வளர்ற திறந்த மணல் வெளிகளை எல்லாம் சேத்து 2005ல தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்ங்கிற பேர்ல பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியா அறிவிச்சாங்க, மொத்தம் 8,200 ஹெக்டேருக்கு மேல. வோக்கிங், கேம்பர்லி, பிராக்னெல், ஃபார்ன்பரோ பக்கம் குடியிருக்குற நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒண்ணு வண்டியில பத்து இருபது நிமிஷத்துல இருக்கும்.

## 1. ஏன் இங்க மரத்தை வெட்டுறாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

இது புரியாம ரம்பத்தைக் கையில எடுத்தீங்கன்னா ரெண்டாவது வாரமே வர மாட்டீங்க, இல்லன்னா தப்பானதை வெட்டுவீங்க. அதனால இதுதான் முதல் படி.

ஹீத்னா சத்தில்லாத, புளிப்புத்தன்மை உள்ள மணல் நிலம். முழங்கால் உயரத்துக்கு ஹெதர் செடி, ஆகஸ்ட்ல ஊதாவா பூக்கும், நடுநடுவுல மஞ்சப்பூ பூக்குற கோர்ஸ் முள்புதர், பள்ளமான இடத்துல சதுப்பு, அங்கங்க வெறும் மணல். முன்னாடி கிராமத்து ஜனங்க மாடு மேய்ச்சு, விறகு வெட்டி, அடுப்புக்குப் புல்தரையை வெட்டி எடுத்துட்டுப் போனதால அது திறந்தவெளியாவே இருந்துச்சு. அந்த வேலை எல்லாம் நின்னுட்டதால இப்போ பிர்ச், பைன் விதை காத்துல வந்து விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கு. ஒரு இருபது வருஷம் சும்மா விட்டா அடர்ந்த நிழல் விழுந்துரும், நிழல்ல ஹெதர் நிக்காது, ஹெதர் போனா அதை நம்பி இருக்குற பல்லி, பட்டாம்பூச்சி, தரையில முட்டை போடுற பறவை எல்லாம் போயிரும்.

நம்ம ஊர்ல கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம் ஏறினதைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு வித்தியாசம், பிர்ச்சும் பைனும் வெளிநாட்டுச் செடி இல்ல, இதே நாட்டு மரம்தான். அதனால அதை எதிரியா பாக்காதீங்க, எல்லாத்தையும் வெட்டப்போறதும் இல்ல. தனியா நிக்குற பெரிய பைன் ஒண்ணு ரெண்டை வேணும்னே விட்டு வெப்பாங்க, பறவை உக்காந்து பாட இடம் வேணும்ல.

## 2. யாரோட நிலம், யாருகிட்ட அனுமதின்னு பாருங்க

ரொம்பப் பேர் தடுக்கி விழுறது இங்கதான். "காமன்"னு பேர் இருக்குறதால ஊர்ப் பொது நிலம், நாமளே ஒரு சனிக்கிழமை நாலு பேர் போய் சுத்தம் பண்ணலாம்னு நினைச்சுக்குறாங்க. அப்படி இல்ல. ஒவ்வொரு காமனுக்கும் சொந்தக்காரர் இருக்காரு, அது கவுன்சிலா இருக்கலாம், நேஷனல் டிரஸ்ட்டா இருக்கலாம், பாதுகாப்பு அமைச்சகமா கூட இருக்கலாம். நல்ல ஹீத் நிலம் பெரும்பாலும் எஸ்.எஸ்.எஸ்.ஐ., அதாவது அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடம்னு குறிச்ச நிலம். அங்க என்ன வேலை எப்போ செய்யலாம்னு நேச்சுரல் இங்கிலாந்துங்கிற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகிட்ட நிலத்துக்காரரு ஒப்புதல் வாங்கி வெச்சிருப்பாரு. நாமளா போய் நல்லெண்ணத்துல வெட்டினாலும் அது சட்டப்படி சேதம்தான்.

செய்ய வேண்டியது சுலபம். சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவோட மேஜிக் மேப் தளத்துல உங்க இடத்தைத் தேடுங்க, எந்தெந்தப் பாதுகாப்பு இருக்குன்னு வண்ணம் வண்ணமா காட்டும். அப்புறம் அந்த இடத்து கார் பார்க்ல இருக்குற போர்டைப் போட்டோ எடுங்க, யாரு பராமரிக்குறாங்கன்னு அதுல இருக்கும். சோபம் காமன்னா சர்ரே வைல்ட்லைஃப் டிரஸ்ட். அவங்க தளத்துலயே வாலண்டியர் பக்கம் இருக்கும், அங்க பதிவு பண்ணுங்க. பதிவு பண்ணினாதான் அவங்க இன்சூரன்ஸ்ல நீங்க வருவீங்க, முக்கியமான காரணம் அது.

பிர்பிரைட், ஆஷ் பக்கம் உள்ள ராணுவ நிலத்துல சிவப்புக் கொடி பறந்தா உள்ள காலே வைக்காதீங்க, நிஜமாவே சுட்டுப் பயிற்சி நடக்கும்.

## 3. காலண்டரைச் சுவத்துல ஒட்டுங்க

வரிசை வரிசைன்னு நான் சொல்லிட்டே இருக்குறதுக்குக் காரணம் இதுதான். ஹீத்ல சரியான வேலையைத் தப்பான மாசத்துல செஞ்சா கெடுதல்தான் மிச்சம்.

அக்டோபர்ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் வெட்டுற காலம். மார்ச் முதல் தேதிக்கு அப்புறம் ரம்பத்தை உள்ள வெச்சிரணும். ஏன்னா வுட்லார்க், நம்ம வானம்பாடி இனம்தான், மார்ச்லயே தரையில கூடு கட்ட ஆரம்பிச்சிரும். டார்ட்ஃபோர்ட் வார்ப்ளர்னு ஒரு சின்னக் குருவி, நீளவாலு, ஒயின் கலர் நெஞ்சு, கண்ணைச் சுத்திச் சிவப்பு, அது ஏப்ரல்ல இருந்து கோர்ஸ் புதர்லயும் உயரமான ஹெதர்லயும் கூடு கட்டும். நைட்ஜார், நாம பக்கின்னு சொல்றோமே அந்த இனம், ஆப்பிரிக்காவுல இருந்து ஏப்ரல் கடைசி, மே மாசம் வாக்குல வந்து சேரும். அது கூடே கட்டாது, வெறுந்தரையில ரெண்டு முட்டையை வெச்சிட்டு அதுமேல காஞ்ச மரப்பட்டை மாதிரி உக்காந்திருக்கும், நீங்க ரெண்டடி தள்ளி நின்னாலும் தெரியாது. இந்த மூணு பறவைக்காகத்தான் இந்தப் பகுதியையே பாதுகாப்புல வெச்சாங்க.

மார்ச்சுல இருந்து செப்டம்பர் வரைக்கும் அப்போ சும்மா இருக்கணுமான்னா, இல்ல. எண்ணுறது, பாக்குறது, ஜனங்ககிட்ட பேசுறது, அது எல்லாம் இந்த மாசங்கள்லதான். அதுக்குத் தனியா வர்றேன்.

## 4. வெறுங்கையோட ஒரு தடவை நடந்து பாருங்க

பதிவு பண்ணிட்டு வேலைநாளுக்குக் காத்திருக்குற நேரத்துல ஒரு ரெண்டு மணி நேரம் அந்த இடத்துல நடங்க, பாதையை விட்டு இறங்காம. நாலு செடியை மட்டும் கண்ணுல பழக்கிக்கோங்க, போதும்.

ஹெதர்: இலை ரொம்பப் பொடிசு, தண்டோட ஒட்டி, தொட்டா சொரசொரன்னு பழைய விளக்குமாறு மாதிரி இருக்கும். கோர்ஸ்: முழுக்க முள்ளு, பூ மோந்தா தேங்காய் வாசனை. பிர்ச் கன்னு: மெலிசா, செம்பழுப்புத் தண்டு, இலை முக்கோணம் மாதிரி, ஓரம் பல்லு பல்லா. குளிர்காலத்துல இலை இருக்காது, அதனால இலை உதிருறதுக்குள்ள ஒரு தடவை பாத்துருங்க. பைன் கன்னு: ஊசி இலை ரெண்டு ரெண்டா.

இதுல கோர்ஸ்தான் புதுசா வர்றவங்களை ஏமாத்தும். முள்ளா இருக்கு, உடம்பெல்லாம் கீறுது, அப்போ இதுதான் களைன்னு நினைக்கத் தோணும். எனக்கும் முதல் வருஷம் ஒரு இடத்துல அதுதான் ஆச்சு. வெட்டணும்னு அடையாளம் கட்டாத ஒரு கோர்ஸ் புதரை ஆர்வத்துல பாதி வெட்டிட்டேன், அந்த இடத்தைப் பாத்துக்குற வார்டன் ஓடி வந்து நிறுத்தினாங்க. பனி கொட்டுற நாள்ல டார்ட்ஃபோர்ட் வார்ப்ளருக்கு அந்தப் புதருக்குள்ளதான் பூச்சி கிடைக்கும், வேற எங்கயும் இல்ல. அந்தக் குருவி குளிருக்கு வேற ஊருக்குப் பறந்து போறதில்ல, 1962-63 கடுங்குளிருக்கு அப்புறம் நாடு முழுக்கப் பத்துச் சொச்சம் ஜோடிதான் மிஞ்சுச்சுன்னு வார்டன் சொன்னப்போ என் கையில இருந்த லாப்பர், அதான் கிளை வெட்டுற நீளக் கைப்பிடிக் கத்தரி, கனத்துச்சு. கோர்ஸையும் வெட்டுவாங்க, ஆனா பகுதி பகுதியா, சுழற்சி முறையில, எல்லா வயசுப் புதரும் எப்பவும் இருக்குற மாதிரி. அந்த முடிவை நாம எடுக்கக்கூடாது.

## 5. பையில என்ன வேணும்

கருவி அவங்களே தருவாங்க, வீட்டுல இருந்து ரம்பம் கொண்டு போக வேண்டாம், பல இடத்துல சேத்துக்க மாட்டாங்க. நீங்க கொண்டு போக வேண்டியது:

- கணுக்கால் மூடின பூட்ஸ். போன தடவை நடந்த மண்ணு ஒட்டியிருந்தா பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு வாங்க, செடிநோய் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு பூட்ஸ்லதான் போகும்.
- தடியான முழுக்கை, முழு பேன்ட். ஃப்ளீஸ் வேண்டாம், நெருப்புப் பொறி பட்டா ஓட்டை, கோர்ஸ் முள்ளும் அதுல மாட்டிக்கும். பழைய பருத்திச் சட்டை ரெண்டு அடுக்கு போட்டா கழட்டவும் வசதி.
- தோல் கையுறை. தோட்டக்கடையில விக்குற மெலிசு துணிக் கையுறை கோர்ஸுக்குத் தாங்காது.
- உண்ணி எடுக்குற கொக்கி, இல்லன்னா நுனி மெலிசான இடுக்கி.
- தண்ணி, சாப்பாடு. கழிப்பறை கிடையாது, பசங்க வந்தா வீட்டுலயே போயிட்டு வரச் சொல்லுங்க.

டெட்டனஸ் ஊசி எப்போ போட்டோம்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. இன்ஹேலர், அலர்ஜி மருந்து ஏதாவது இருந்தா பையில வெச்சுட்டு, அது இருக்குன்னு வேலை நடத்துறவங்ககிட்டயும் சொல்லிடுங்க, வண்டி நிறுத்தின இடத்துக்கும் வேலை செய்யுற இடத்துக்கும் நடுவுல அரைமணி நேர நடை இருக்கலாம்.

## 6. வேலைநாள்: பிடுங்குறது, வெட்டுறது

காலையில முதல்ல ஒரு சின்னப் பேச்சு இருக்கும், எந்தப் பகுதி, எதை விடணும், ஆபத்து என்னன்னு. லேட்டா வந்து இதைத் தவற விட்டீங்கன்னா நேரா போய் ரம்பம் எடுக்காதீங்க, நடத்துறவங்களைத் தேடிக் கேட்டுட்டு ஆரம்பிங்க. நான் பாத்த தப்புல பாதி, பேச்சைக் கேக்காம வந்தவங்க பண்ணினது.

வரிசை இப்படி வெச்சுக்கோங்க.

முதல்ல பிடுங்க முடியுறதைப் பிடுங்குங்க. முழங்கால் உயரத்துக்குக் கீழ உள்ள பிர்ச், பைன் கன்னு மணல்ல சுலபமா வரும், மழை பெஞ்ச மறுநாள்னா இன்னும் சுலபம். தண்டை நடுவுல பிடிச்சு இழுத்தா தோல் உரிஞ்சு கையோட வரும், வேர் உள்ளயே நிக்கும். குனிஞ்சு மண்ணோட மண்ணா, தண்டும் வேரும் சேர்ற கழுத்துல பிடிங்க. ஒரு பாதத்தை செடிக்குப் பக்கத்துல ஊன்றி, ஒரு தடவை லேசா அப்படி இப்படி ஆட்டி, அப்புறம் சீரா இழுங்க. சர்ருனு மணலை உதிர்த்துக்கிட்டு ஆணிவேர் மொத்தமா வரும், அந்தச் சத்தம் பழகிடும். கன்னு வந்த குழியை மூடாதீங்க, அந்த வெறும் மணல்ல ஹெதர் விதை முளைக்கும், அந்த மண்ணுக்குள்ள பல வருஷமா உறங்கிட்டு இருக்குற விதை அது.

கொஞ்சம் தடியானதுக்கு ட்ரீ பாப்பர்னு ஒரு நெம்புகோல் கருவி தருவாங்க. தாடை மாதிரி உள்ள பகுதியில தண்டைக் கவ்வ விட்டு, கைப்பிடியைப் பின்னால சாய்ச்சா வேரோட கிளம்பும். உடம்பு பலத்துல இல்ல, சாயுறதுல இருக்கு, எங்க குழுவுல அறுபது வயசு தாண்டின அக்கா ஒருத்தங்கதான் இதுல ரொம்ப வேகம்.

பிடுங்க முடியாததைத்தான் வெட்டணும். விரல் தடிமனுக்கு லாப்பர், அதுக்கு மேல வில் மாதிரி இருக்குற போ சா. இங்க பிர்ச்சும் பைனும் ஒண்ணு இல்ல, இதைக் கவனமா படிங்க. பைன் மரத்தை அதோட கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழ வெட்டினா செத்துரும், திரும்பத் துளிர்க்காது. ஒரே ஒரு பச்சைக் கிளை கீழ மிஞ்சினாலும் அது நிமிந்து புது மரமாயிரும். அதனால படுத்தாவது பாருங்க, ஹெதருக்குள்ள ஒளிஞ்சு ஒரு கிளை இருக்கும். பிர்ச் அப்படி இல்ல, சீமைக்கருவேலம் மாதிரியேதான், எவ்வளவு கீழ வெட்டினாலும் அடிக்கட்டையில இருந்து நாலஞ்சு குச்சியா கிளம்பும். அதனால பிர்ச் கட்டைக்கு வெட்டின கையோட மருந்து தடவணும், அந்தக் களைக்கொல்லி தடவ அதுக்குன்னு பயிற்சி எடுத்து சான்றிதழ் வெச்சிருக்குறவங்க மட்டும்தான் தொடலாம். நம்ம வேலை என்னன்னா, வெட்டின கட்டையை அவங்க கண்ணுல படுற மாதிரி இலைதழை மூடாம விடுறது. நான் முதல்ல எல்லாம் வேகமா வெட்டி முன்னாடி போயிட்டே இருப்பேன், பின்னாடி மருந்து தடவுறவங்க பாதிக் கட்டையைக் கண்டுபிடிக்க முடியாம அடுத்த வருஷம் அதே இடத்துல புதரா நின்னுச்சு.

கட்டையை எவ்வளவு முடியுமோ தரையோட ஒட்டி வெட்டுங்க, தட்டையா. சாய்வா வெட்டினா நுனி ஈட்டி மாதிரி நிக்கும், அதுமேல யாராவது விழுந்தாலும், மாடு காலை வெச்சாலும் குத்திரும்.

பக்கத்துல வேலை செய்யுறவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு ஆள் நீளமாவது இடைவெளி. ஆள் உயர மரம் சாய்க்குறீங்கன்னா அந்த மரத்தைப் போல ரெண்டு மடங்கு. தலைக்கு மேல ரம்பம் போடாதீங்க. ரம்பத்தை வெச்சிட்டு நகரும்போது பிளேடு மேல உறையை மாட்டிட்டு, எல்லாருக்கும் தெரியுற இடத்துல வைங்க, ஹெதருக்குள்ள போட்ட ரம்பம் அடுத்த வருஷம்தான் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய மண்கரை, வேர் செத்த பெரிய கட்டை, தெக்கு பாத்த சரிவு, இதை எல்லாம் குளிர்காலத்துல நோண்டாதீங்க, அடியில ஆடர் பாம்பு உறங்கிட்டு இருக்கும். விரியன் இனம், முதுகுல வளைவு வளைவா பட்டை, இந்த நாட்டுல காட்டுல இருக்குற ஒரே விஷப்பாம்பு அதுதான். அதுவா தேடி வந்து கடிக்காது. பிப்ரவரி கடைசி வாரம் வெயில் அடிச்சா வெளிய வந்து குளிர்காயும், அப்போ தள்ளி நின்னு பாத்துட்டு வழியை மாத்திக்கோங்க. யாரையாவது கடிச்சிட்டா கட்டுப்போட்டு இறுக்குறது, கீறி விடுறது, உறிஞ்சுறது எதுவும் வேண்டாம், ஊர்ல பாத்த வைத்தியத்தை இங்க செய்யாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காம வெச்சு 999 கூப்பிடுங்க.

## 7. வெட்டினதை எங்க போடுறது

புதுசா வர்றவங்க பத்துல எட்டு பேர் வெட்டின கிளையை அங்கயே ஹெதர் மேல குவிச்சிட்டுப் போயிருவாங்க. அது மக்கி உரமாகும், மத்த இடத்துல அது நல்லது, இங்க கெடுதல். ஹீத் செடிகளுக்கு ஏழை மண்ணுதான் வேணும். சத்து சேந்தா புல்லும் முள்ளும் ஏறி ஹெதரை அமுக்கிரும்.

அதனால இழுத்துட்டுப் போகணும், வார்டன் காட்டின காட்டோரத்துக்கோ, நெருப்பு போடுற இடத்துக்கோ. அடிப்பக்கத்தைப் பிடிச்சு இழுங்க, கிளை தன்னால மடங்கி வரும், நுனியைப் பிடிச்சு இழுத்தா ஒவ்வொரு புதர்லயும் மாட்டும். நெருப்பு எப்பவும் ஒரே இடத்துலதான், சாம்பல் சத்துதானே, அதை நாலு இடத்துல பரப்பக்கூடாது. நெருப்பைப் பாத்துக்க ஒரே ஒரு ஆளை வைப்பாங்க, ஆளாளுக்கு எறியாம அவங்ககிட்ட கொடுங்க.

## 8. நடந்து போறவங்ககிட்ட பேசுறது

என்னைக் கேட்டா, ரம்பம் பிடிக்குறதை விட முக்கியமான வேலை இதுதான், இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுக்குறதில்ல.

நாய் கூட்டிட்டு தினமும் அந்த வழியா நடக்குறவங்களுக்கு அந்த மரங்கள் பழகின முகம் மாதிரி. ஒரு சனிக்கிழமை வந்து பாத்தா வெட்டவெளியா இருக்கு. கோவம் வரும், வரத்தான் செய்யும். "மரத்தை ஏன் வெட்டுறீங்க, காசுக்கா?"ன்னு நேரா கேப்பாங்க. அப்போ தலையைக் குனிஞ்சுட்டு வேலையைப் பாக்காதீங்க. ரம்பத்தைக் கீழ வைங்க, கையுறையைக் கழட்டுங்க, சிரிச்சு வணக்கம் சொல்லுங்க. கையில கருவியோட பேசுற ஆளை யாரும் நம்ப மாட்டாங்க.

பேச்சை சட்டத்துல ஆரம்பிக்காதீங்க. "நீங்க எத்தனை வருஷமா இங்க நடக்குறீங்க?"ன்னு கேளுங்க. முப்பது வருஷம்னு சொல்றவங்க இருப்பாங்க, அவங்ககிட்டயே அப்போ இந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, இங்க இருந்து அந்த மேடு வரைக்கும் தெரியும்னு அவங்களே சொல்லுவாங்க. ஒரு பெரியவர் அப்படிச் சொல்லிட்டு இருக்கும்போதே நின்னுட்டாரு, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தாரு. அடுத்த மாசம் கையுறையோட வந்தாரு.

இன்னும் நல்லது, வேலைக்கு முன்னாடியே தெரியப்படுத்துறது. ரெண்டு மூணு வாரம் முன்னால கார் பார்க்ல ஒரு போர்டு, என்ன வெட்டப்போறோம், எதை விடப்போறோம், ஏன்னு. கிராமத்து பாரிஷ் கவுன்சில் செய்திமடல்ல நாலு வரி. ஊர் ஃபேஸ்புக் குரூப்ல போன வருஷம் வெட்டின இடத்துல இப்போ ஹெதர் முளைச்ச போட்டோ. ஒரே கம்பத்துல இருந்து ஒரே திசையில வருஷா வருஷம் ஒரு போட்டோ எடுத்து வெச்சீங்கன்னா அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, இந்த வேலையை போன் வெச்சிருக்குற யாரும் செய்யலாம், ஆனா முதல் வெட்டுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்.

நாய் விஷயம் கொஞ்சம் நெருடலானது. திறந்த அணுகல் நிலம், அதாவது யாரும் நடந்து போகலாம்னு மேப்ல குறிச்ச இடத்துல மார்ச் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நாயை ரெண்டு மீட்டருக்கு மிஞ்சாத கயித்துல வெச்சிருக்கணும்னு 2000ஆம் வருஷச் சட்டமே சொல்லுது. ஆனா சட்டத்தை எடுத்து நீட்டினா சண்டைதான் வரும். தரையில உக்காந்திருக்குற பக்கி எழும்பிப் பறந்தா அந்த நேரத்துல காக்கா வந்து முட்டையைத் தூக்கிட்டுப் போயிரும்னு சொல்லுங்க, முக்கால்வாசி பேர் உடனே கயித்தை மாட்டுவாங்க. நாய்க்கழிவும் அப்படித்தான், அது உரம், இந்த மண்ணுக்கு உரம் ஆகாதுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

நாயை அவுத்து விட ஆசைப்படுறவங்களுக்கு மாத்து இடமும் சொல்லுங்க. இந்தப் பகுதியில ஹீத்துக்கு 400 மீட்டருக்குள்ள புது வீடு கட்ட விடுறதில்ல, அதுக்கு மேல அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் கட்டுற வீடுகளுக்குப் பணம் வாங்கி, ஹீத்துக்குப் பதிலா ஜனங்க நடக்கன்னே பசுமையான திறந்தவெளி அமைக்குறாங்க, சாங்னு சொல்லுவாங்க. நம்மள்ல பல பேர் குடியிருக்குற புது எஸ்டேட்டுக்குப் பக்கத்துல இருக்குற அந்தப் பெரிய குளமும் புல்வெளியும் பெரும்பாலும் இதுதான். அங்க தாராளமா ஓட விடலாம்.

## 9. நெருப்பு

சுருக்கமா சொல்றேன், ஆனா சாதாரணமா எடுத்துக்காதீங்க. 2020 மே மாசக் கடைசியில தர்ஸ்லி காமன், அதே வருஷம் ஆகஸ்ட்ல சோபம் காமன், ரெண்டும் எரிஞ்சது. காஞ்ச ஹெதர் பெட்ரோல் மாதிரி பிடிக்கும். பறவை பறந்துரும், பல்லியும் குஞ்சும் எங்க போகும்.

நம்ம குடும்பங்கள் கோடையில கூட்டமா வெளிய போகும்போது பார்பெக்யூ கொண்டு போற பழக்கம் இருக்கு, ஹீத் பக்கம் அது கூடவே கூடாது, தூக்கிப் போடுற அலுமினியத் தட்டுல வர்றதும்தான். சாப்பாட்டை வீட்டுலயே கட்டிட்டுப் போங்க, புளிசாதம் ஆறினாலும் நல்லாத்தான் இருக்கும்.

புகையைப் பாத்தா நீங்க அணைக்கப் போகாதீங்க. காத்துக்கு எதிர்ப்பக்கமா வெளிய வந்து 999, ஃபயர் சர்வீஸ். மரமும் புதருமா இருக்குற இடத்துல முகவரி சொல்ல முடியாது, அதனால வாட் த்ரீ வேர்ட்ஸ் ஆப்பை முன்னாடியே போன்ல போட்டு, ஒரு தடவை திறந்து பழகி வைங்க.

## 10. கோடையில எண்ணுறது

குளிர்காலத்துல ஒரு சீசன் வேலை செஞ்சதுக்கு அப்புறம் இதுக்கு வாங்க. நேரா இதுல குதிச்சா நிலமும் தெரியாது, செடியும் தெரியாது, எண்ணுறது தப்பாகும்.

பட்டாம்பூச்சி எண்ணிக்கைதான் ஆரம்பிக்க சுலபம். ஏப்ரல் 1ல இருந்து செப்டம்பர் 29 வரைக்கும் 26 வாரம், வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே பாதையில, ஒரே வேகத்துல நடக்கணும். உங்களைச் சுத்தி அஞ்சு மீட்டர் அகலப் பெட்டி ஒண்ணு கூடவே நகருதுன்னு நினைச்சுக்கோங்க, அதுக்குள்ள வர்றதை மட்டும் எண்ணணும். 13 டிகிரிக்குக் கீழ இருந்தா போகக்கூடாது, 13ல இருந்து 17 வரைன்னா நல்ல வெயில் வேணும், காத்து பலமா இருக்கக்கூடாது. நிறையப் பேர் அழகா பறக்குற நாளா பாத்து ரெண்டு தடவை போவாங்க, ஒண்ணுமே இல்லாத வாரத்தை விட்டுருவாங்க. சைபரும் கணக்குதான், அதை எழுதலன்னா குறையுதா கூடுதான்னே தெரியாது. ஜூன் கடைசி, ஜூலையில சில்வர் ஸ்டடட் ப்ளூன்னு ஒரு சின்ன நீலப்பூச்சி வரும், அதோட புழுவை எறும்புகள் காவல் காக்கும். குட்டையான இளம் ஹெதர்லதான் இருக்கும், நாம குளிர்ல வெட்டித் திறந்த இடத்துல அதைப் பாக்குறப்போ ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்காகவே நான் வருஷா வருஷம் போறேன்.

நைட்ஜார் கணக்கெடுப்பு ஜூன், ஜூலை அந்தியில. சூரியன் மறைஞ்சு அரைமணி நேரத்துல ராட்டை சுத்துற மாதிரி ஒரே சீரா ர்ர்ர்ர்னு கேக்கும், நிமிஷக்கணக்கா நிக்காது, திடீர்னு சத்தம் சுருதி இறங்கி நின்னு, ரெக்கையைப் பட்டுப் பட்டுனு அடிச்சுட்டுப் பறக்கும். பாதையிலயே நில்லுங்க, டார்ச் அடிக்காதீங்க, போன்ல அதோட சத்தத்தைப் போட்டுக் கூப்பிடாதீங்க. இன்னொரு ஆண் பறவை எல்லைக்குள்ள வந்துருச்சுன்னு நினைச்சு அடைகாக்குற வேலையை விட்டுட்டு வரும்.

## 11. நம்ம குழுவைக் கூட்டிட்டு வர்றது

தமிழ்ப்பள்ளி பெற்றோர், பேட்மிண்டன் குழு, அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப், யாரை வேணாலும் கூட்டிட்டு வரலாம், ஆனா நீங்க தனியா நாலஞ்சு வேலைநாள் முடிச்சதுக்கு அப்புறம். அப்போதான் பதினஞ்சு பேர் கேக்குற கேள்விக்குப் பதில் இருக்கும்.

ரெண்டு மாசம் முன்னாடியே வார்டனுக்கு எழுதுங்க. எத்தனை பேர், அதுல குழந்தைங்க எத்தனை, வயசு என்ன, யாருக்கு முதலுதவி தெரியும். பதினெட்டு வயசுக்குக் கீழன்னா கூட பெரியவங்க இருக்கணும், பல இடத்துல குறைந்தபட்ச வயசும் வெச்சிருப்பாங்க. சின்னப்பசங்களுக்கு ரம்பம் வேண்டாம், கன்னு பிடுங்குறது அவங்களுக்கே செஞ்ச வேலை மாதிரி இருக்கும், குள்ளமா இருக்குறதால குனிய வேண்டியதும் இல்ல. பிடுங்கினதை எண்ணச் சொல்லுங்க.

முதல் தடவை மூணு மணி நேரம் போதும். கார் நாலு பேருக்கு ஒண்ணுன்னு முன்னாடியே பிரிச்சிருங்க, இந்த கார் பார்க் எல்லாம் சின்னது, வழியில நிறுத்தினா தீயணைப்பு வண்டி உள்ள வர முடியாது. தாத்தா பாட்டி ஊர்ல இருந்து வந்திருந்தா அவங்களையும் கூப்பிடுங்க. விவசாயம் தெரிஞ்ச கை செடியைப் பிடிக்குற விதமே வேற, போன வருஷம் ஒரு அம்மா, களை எடுக்குற மாதிரி உக்காந்தே நகந்து நகந்து ஒரு வரிசையைக் காலி பண்ணிட்டாங்க, வார்டன் வந்து எப்படின்னு கேட்டுக் கத்துக்கிட்டாங்க.

முடிச்சதும் கருவியை எண்ணித் திருப்பிக் கொடுங்க. வீட்டுக்கு வந்ததும் துணியை அப்படியே மெஷின்ல போட்டுட்டு உண்ணி இருக்கான்னு பாருங்க, முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், பசங்கன்னா தலைமுடி ஓரம், காது பின்னாடி. இருந்தா தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுங்க, நசுக்காதீங்க, எண்ணெய் ஊத்தாதீங்க, தீக்குச்சி வைக்காதீங்க. தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. ஒண்ணுல இருந்து நாலு வாரத்துக்குள்ள, சில பேருக்கு மூணு மாசம் கழிச்சுக் கூட, அந்த இடத்துல வட்டமா தடிப்பு படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர்கிட்ட போய் உண்ணி கடிச்ச தேதியோட சொல்லுங்க. நம்ம தோல் நிறத்துல அந்தச் சிவப்பு பளிச்சுன்னு தெரியாது, அதனால வெளிச்சத்துல வெச்சு, தினமும் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.